பட்டாளத்துப் பாவாடைக்கு ஒரு மழைக்கோட்டு

செனாவாங்கில் மழைக்கோட்டு தைக்கும் ஆலை ஒன்றின் வெட்டும் பிரிவிலிருந்து சென்ற மாதம் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் கேண்டீனில் தேநீர் விருந்து வைத்து என்னைப் பேசச் சொன்னார்கள். எழுந்து, "எல்லாருக்கும் நன்றி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது. ஐம்பத்தைந்து வயதாகியும் அந்தக் கூச்சம் போகவில்லை.

தையல் வரிசைப் பெண்கள் விடுவதாக இல்லை.

"அண்ணே, நீங்க மொத மொதல்ல தைச்ச ரெயின்கோட்டு யாருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள்.

"ஒரு பட்டாளத்துக்காரனுக்கு. அவன் கட்டியிருந்த பாவாடை நனையாம இருக்க."

மேசையே குலுங்கியது. "பட்டாளத்துக்காரனுக்குப் பாவாடையா? கடைசி நாள்ல அண்ணன் ஜோக்கெல்லாம் அடிக்கிறாரு லா!" என்றாள் இன்னொருத்தி. அதற்குள் ஷிப்ட் மணி அடித்துவிட்டது. பேச முடியாததை எழுதிக் கொடுங்கள், சங்கத்து மலரில் போடுகிறோம் என்றார்கள். நான் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவன். எனக்கு வந்த மாதிரி எழுதுகிறேன்.

நான் பிறந்தது லாபுவுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டம். பள்ளி முடிந்ததும் அப்பாவோடு மரம் சீவப் போனேன். பட்டையை ஆழமாகச் சீவி மரத்தைக் காயப்படுத்திவிடுவேன். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் தினமும் ஏசுவார். இவனுக்குக் கத்தி சரிப்படாது, கத்தரிக்கோலாவது சரிப்படட்டும் என்று அப்பா என்னைக் கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த ஷேக் பாயிடம் கொண்டுபோய் விட்டார். காஜா எடுத்தும் பொத்தான் கட்டியும் சில வருஷங்கள் ஓடின. அந்த வருஷங்களில் சொல்லும்படி ஒன்றும் நடக்கவில்லை.

பிறகு, வெள்ளைக்கார ஆட்சியை எதிர்த்துச் சிலர் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய்விட்ட அவசரகாலம் வந்தது. நாங்கள் குடியிருந்த லயன்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டுக்குள் இருந்தவர்களுக்கு ஒரு பிடி அரிசிகூடப் போய்விடக் கூடாது என்று, மரம் சீவப் போகிறவர்கள் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோவதையும் நிறுத்திவிட்டார்கள். மாலையில் கேட்டைப் பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார்கள். எங்கள் தோட்டத்துத் திடலில் ஸ்காட்லாந்துப் பட்டாளம் ஒன்று வந்து கூடாரம் அடித்தது. அதற்குத் தையல் வேலை பார்க்கும் குத்தகை பாய்க்குக் கிடைத்தது. கேம்ப் கேட்டை ஒட்டி அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு கொட்டகை எங்களுக்கு. அதில் இரண்டு மெஷின், ஒரு நீள மேசை, பாயின் தேநீர்ச் சட்டி.

என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக வேலை செய்த இடம் எது என்று கேட்டால் அந்தக் கொட்டகையைத்தான் சொல்வேன். வெளியே எல்லாருக்கும் பயம் இருந்தது. உள்ளே மெஷின் சத்தமும் பாயின் பேச்சும் இருந்தன. காட்டிலிருந்து திரும்பும் சிப்பாய்களின் கால்சட்டைகள் முள்ளில் கிழிந்து கிழிந்து வரும். பாய் ஒன்றைத் தூக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். "வெள்ளக்காரன் வேற யாருகூடச் சண்ட போடுறானோ இல்லியோ, முள்ளுகூட நல்லாத்தான்பா போடுறான்" என்பார்.

கேட்டில் காவல் நிற்கும் ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களில் சன்னாசி எங்கள் லயனைச் சேர்ந்தவன். என் வயதுதான். அவனுக்கு அப்பா இல்லை. அம்மா மாரியாயி மரம் சீவினாள். காவல் மாறியதும் நேரே கொட்டகைக்கு வந்து தேநீர்ச் சட்டிக்குப் பக்கத்தில் உட்காருவான். நான் பேசாமல் தைத்துக்கொண்டிருப்பேன்.

"பாய், இவன் வாய்க்கும் காஜா எடுத்துட்டீங்களா? பொத்தான் போட்டு மூடியே வச்சிருக்கான்!"

"பொத்தான் போட்ட வாய் நல்ல வாயிப்பா. உனக்கும் ஒண்ணு தைக்கவா?" என்பார் பாய்.

தினமும் காலையில் ஒரு சிப்பாய் பைப் ஊதிக்கொண்டு கேம்ப்பைச் சுற்றி வருவான். கக்கத்தில் ஒரு தோல்பை, தோள்மேல் மூன்று குழல். அவன் பெயர் அங்கஸ். சன்னாசிக்கு அவன் மொழி தெரியாது, அவனுக்குச் சன்னாசியின் மொழி தெரியாது. ஆனாலும் அவன் ஊதும்போது சன்னாசி பிஸ்கட் டின்னைக் கவிழ்த்துவைத்துத் தாளம் போடுவான். முதலில் முறைத்த அங்கஸ், சில நாளில் கொட்டகை வாசலில் நின்றே ஊத ஆரம்பித்துவிட்டான். சன்னாசி அந்த மெட்டை வாயால் முனகிக்கொண்டே வீட்டுக்குப் போவான். மாரியாயி சமைக்கும்போது அதே மெட்டை முனகுவதாக எங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்.

எங்களுக்கு வேலை கொடுப்பவர் ஸ்டோர் சார்ஜன்ட். நடு வயது, சிவந்த கழுத்து. இரைந்து பேசி நான் கேட்டதில்லை. துணியை உள்ளங்கையால் தொடமாட்டார், விரலின் பின்பக்கத்தால் தடவிப் பார்ப்பார். உள்ளங்கையில் வேர்வை இருக்கும், அது துணிக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. தையல் பிடிக்காவிட்டால் ஏசமாட்டார். அந்த இடத்தின்மேல் ஒரு விரலை வைத்துவிட்டுப் பாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். அதற்கு ஏச்சே தேவலை என்பார் பாய்.

மழைக்காலம் தொடங்கியதும் ஒரு நாள் அவர் ஒரு பொட்டலத்தோடு வந்தார். மேசையைத் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரித்தார். பச்சையும் நீலமுமாகக் கட்டம் போட்ட கம்பளித் துணி. ஒரு பக்கம் முழுக்க வெற்றிலை அடுக்கியது போல மடிப்பு மடிப்பாகத் தைத்திருந்தது. மறுபக்கம் தட்டை. அவர்கள் நாட்டு ஆண்கள் இடுப்பில் கட்டுவது, பெயர் கில்ட், அணிவகுப்புக்கு மட்டும் எடுப்பார்கள் என்று பாய்க்கு ஆங்கிலத்தில் விளக்கினார். அதைக் கட்டி நாங்கள் யாரையும் பார்த்ததில்லை. கேம்ப்பில் எல்லாரும் பச்சைக் கால்சட்டைதான்.

சிரம்பானில் பெரிய அணிவகுப்பு ஒன்று வருகிறது. அங்கஸ் முன்னால் ஊதிக்கொண்டு போக வேண்டும். கில்ட் அவனிடம் ஒன்றுதான். கம்பளி நனைந்தால் தண்ணீர்ப்பானை போலக் கனக்கும், மடிப்புகள் தொங்கிப்போகும், இந்த ஊர் ஈரத்தில் காய நாள்கணக்காகும், பூசணம் பிடிக்கும். பட்டாளத்து மழைத்துணி முழங்காலோடு நின்றுவிடுகிறது. அதன் விளிம்பிலிருந்து சொட்டுகிற தண்ணீர் எல்லாம் நேரே கில்ட்டின் ஓரத்தில்தான் இறங்குகிறது. அதனால் கழுத்திலிருந்து முழங்காலுக்குக் கீழ்வரை மூடுகிற ஓர் அங்கி வேண்டும். இடது பக்கம் பைப்பின் தோல்பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள இடம் விட வேண்டும். கழித்துப்போட்ட ரப்பர் பூசிய தரைவிரிப்புகள் சில தருகிறேன், அதற்குமேல் துணி கிடையாது என்றார்.

அவர் போனதும் பாய் கில்ட்டை அளந்தார். மடிப்புப் பக்கம் மேலே பார்த்துக் கிடந்தது. மடிப்பென்றால் எங்களுக்குக் கொசுவம். சேலையிலும் வேட்டியிலும் கொசுவம் முன்னால்தான் வரும். உட்காருகிற பக்கம் தட்டையாக இருப்பதுதான் நியாயமாகவும் பட்டது. இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொள்ளக்கூட இல்லை. அங்கியின் முன்பக்கம் தாராளமாக விரிவு வைத்தோம். பின்பக்கத்தைத் தட்டையாக வெட்டி, நடுவில் திறப்பு வைத்து, நாடா கட்டினோம்.

மழைத்துணி தைக்கும் முறையை அந்த ஓர் அங்கியில்தான் தட்டுத் தடுமாறிக் கற்றோம். ரப்பர் துணியில் குண்டூசி குத்தக் கூடாது, குத்திய ஓட்டை மூடாது. துணி காயப்போடுகிற மரக்கிளிப்புகளால் பிடித்துக்கொண்டோம். தையல் நெருக்கமாக ஓடினால் தபால்தலை ஓரம் மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும், அதனால் தையலை நீளமாக விட்டோம். மெஷினின் பாதம் ரப்பரில் ஒட்டிக்கொண்டு நகராது. பாய் வழக்கம்போல ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டார். எண்ணெய் பட்ட இடம் மறுநாள் ஊறிக் கொழகொழவென்று ஆகிவிட்டது. அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டு, அதற்கப்புறம் முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவித் தைத்தோம். ஓரத்தை உள்ளே மடித்தால் மடிப்பில் தண்ணீர் தேங்கும் என்று வெட்டிய ஓரமாகவே விட்டுவிட்டோம்.

தையல் ஓட்டைகளை அடைக்கத் தோட்டத்து ரப்பர் பால்தான். பால் ஸ்டோரில் கேட்டு வாங்கி, கோழி இறகால் தையல்மேல் மெல்லியதாகப் பூசுவேன். வெள்ளையாக இருக்கும் பால் காயக் காய நிறம் மாறி, தேன் போலத் தெளிந்து வரும். தெளிந்த பிறகுதான் அடுத்த பூச்சு. அவசரப்பட்டால் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே பச்சையாகக் கிடந்து பிறகு உரிந்து வந்துவிடும். மழை நாளில் அது தெளியவே தெளியாது. இன்று எங்கள் ஆலையில் தையலை மூட, சூட்டில் நாடா ஒட்டும் மெஷின் இருக்கிறது. ஒரு பெண் அதில் சில நிமிஷத்தில் ஒட்டிவிடுவதை நான் கோழி இறகால் வாரக்கணக்கில் பூசியிருக்கிறேன். ஆனால் அந்த வேலையில் ஒரு சுகம் இருந்தது. பூசிவிட்டுத் தேநீர் குடித்துக்கொண்டு நிறம் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். சன்னாசியும் குனிந்து பார்ப்பான். "வந்திருச்சுடா, வந்திருச்சு" என்று, ஏதோ தலைப்பிள்ளை பிறந்த மாதிரி சொல்வான்.

அங்கி முடிந்து, அங்கஸ் வந்து போட்டுப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அந்தச் சமயத்தில் சாலையில் ஒரு பட்டாளத்து லோரியின்மேல் காட்டுக்காரர்கள் சுட்டார்கள். லோரியில் காவலுக்குப் போயிருந்த சன்னாசி செத்துப்போனான்.

மறுநாள் மத்தியானம் சிரம்பான் ஆஸ்பத்திரியிலிருந்து அவனைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே மழை பிடித்துவிட்டது. சுடுகாடு வேலிக்கு வெளியே, குன்றின்மேல். கேட்டுப் பூட்டுவதற்குள் போய்ப் புதைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். தப்பு அடிப்பவர்கள் பக்கத்துத் தோட்டத்தில் இருந்தார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு சாலையை அடைத்துவிட்டதால் அவர்கள் வர முடியவில்லை. எங்கள் லயனில் ஒரே ஒரு பழைய தப்பு இருந்தது. அதை அடுப்பில் காட்டிக் காட்டி அடித்தும், ஈரச்சாக்கைத் தட்டுவது போலத்தான் கேட்டது.

"மாரியாயி, நேரமாவுது. தூக்கிருவோம்" என்றார் மண்டோர்.

"மேளமில்லாம எம்புள்ளையத் தூக்கக் கூடாது. அவன் என்ன அனாதப் பொணமா?"

"கேட்டு அடச்சிருவாங்க, சொன்னாக் கேளு."

"அடைக்கட்டும். எம்புள்ள இங்கயே கெடக்கட்டும்."

அவள் அழவில்லை. பாடைக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றாள். யாருக்கும் அவளைத் தாண்டத் துணிவில்லை. பிறகு அவள் கண் என்மேல் விழுந்தது.

"முத்தையா, காலையில ஊதுவானே அந்த வெள்ளக்காரப் புள்ள, அவன் ஊதுறது எம்புள்ளைக்குப் புடிக்கும். அவனப் போய்க் கூட்டியா."

"பெரியம்மா, பட்டாளத்துல விடுவாங்களோ என்னமோ..."

"நீ போய்க் கேளுடா."

ஓடினேன். பாய் கொட்டகையில் இருந்தார். சொன்னேன். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு என்னையும் இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனார். சார்ஜன்ட் முழுவதையும் கேட்டார். கேட்டது யார் என்று விசாரித்தார். செத்தவனுடைய தாய் என்றார் பாய். சார்ஜன்ட் எழுந்து அதிகாரியிடம் போய்விட்டுத் திரும்பி வந்தார். அங்கஸ் போகலாம். ஆனால் துப்பாக்கி ஏந்திக் காவலில் செத்தவனுக்கு ஊதப் போகிறவன் கால்சட்டையில் போகக் கூடாது, கில்ட் கட்டித்தான் போக வேண்டும். சிரம்பான் அணிவகுப்புக்கு இன்னும் ஒரே நாள்தான் இருக்கிறது, கில்ட் நனையவும் கூடாது. மழைக்கோட்டைக் கொண்டுவா என்றார்.

அங்கஸ் கில்ட் கட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான் நாங்கள் அதை உடம்பில் பார்த்தோம். அவன் அங்கிக்காகத் திரும்பி முதுகைக் காட்டினான். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"யா அல்லா! முத்தையா, கொசுவம் பின்னாடி இருக்குடா!"

அங்கியை மாட்டினோம். முன்பக்கம் வேண்டாத விரிவு தொளதொளவென்று தொங்கியது. பின்பக்கம் கில்ட்டின் மடிப்புகள் உப்பிக்கொண்டு திறப்பைத் தள்ளின. நாடாவை இழுத்துக் கட்டினால் அவனால் கால் எடுத்து வைக்க முடியவில்லை. அவிழ்த்துவிட்டால் ஒவ்வோர் அடிக்கும் இரண்டு ஓரமும் கதவு போலத் திறந்தன. முன்பின்னாகத் திருப்பிப் போடலாம் என்றால் பைப்புக்கு விட்ட இடம் வலது பக்கம் போய்விடும். ஒட்டுப் போட மிச்சத் துணியும் இல்லை, அந்த மழையில் பால் காயப்போவதும் இல்லை.

சார்ஜன்ட் ஏசவில்லை. திறப்பின்மேல் ஒரு விரலை வைத்தார். பாயின் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். அங்கஸ் அவரிடம் வேகமாக ஏதோ சொன்னான். அவர் மறுபடியும் தலையை ஆட்டினார்.

"முடியாதுங்குறாரு" என்றார் பாய் என்னிடம். "போய் அந்தம்மாகிட்டச் சொல்லிரு தம்பி."

மாரியாயி கையை விரித்துக்கொண்டு நின்றது என் கண்முன் வந்தது. அவளிடம் போய் இதைச் சொல்வதைவிட வேறு எதுவும் செய்யலாம் என்று தோன்றியது.

"பாய், நான் பின்னாடி நடந்து ரெண்டு ஓரத்தையும் புடிச்சுக்கிட்டே வரேன்."

"சுடுகாடு வரைக்குமா?"

"ஆமா."

"ஊரே பாக்கும்டா. நீ கடைத்தெருவுல பூசணிக்கா வாங்கவே வெக்கப்படுறவன்."

"பரவால்ல பாய். அவருகிட்டச் சொல்லுங்க."

பாய் சொன்னார். சார்ஜன்ட் என்னை முதல்முறையாகப் பார்ப்பவர் போலப் பார்த்தார். பிறகு எங்களை ஸ்டோருக்குள்ளேயே நடக்கவைத்தார். நான் அங்கஸின் குதிகாலை மிதித்தேன். அவர் என் இடது தோளைத் தட்டி, இடது கால் என்று காட்டினார். மறுபடியும் நடந்தோம், மறுபடியும் மிதித்தேன். அங்கஸ் திரும்பி, பரவாயில்லை என்பது போலக் கண்ணைச் சிமிட்டினான். அடுத்த தடவை கால் சேர்ந்தது. சார்ஜன்ட் கதவைத் திறந்துவிட்டார்.

லயனில் எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். முன்னால் பைப் வைத்த வெள்ளைக்காரன். அவன் பின்னால் அவனுடைய அங்கியைப் பிடித்துக்கொண்டு குனிந்த தலையோடு நான். அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு கிழவர் சொன்னது என் காதில் விழுந்தது. "முத்தையா மாப்பிள்ளத் தோழனாட்டம் வரான்யா." யாரோ அவரை அதட்டினார்கள்.

அங்கஸ் ஊதத் தொடங்கினான். கொட்டகை வாசலில் நின்று ஊதும் அதே மெட்டு, ஆனால் மெதுவாக. மாரியாயி அதைக் கேட்டுக்கொண்டு சிறிது நேரம் நின்றாள். பிறகு விரித்த கையைக் கீழே விட்டுவிட்டு, "தூக்குங்க" என்றாள்.

வேலியைத் தாண்டி, செம்மண் பாதையில் ஏறினோம். ஒரு கையை உள்ளே விட்டுத் திறப்பின் ஓரங்களைச் சேர்த்து, மறுகையால் வெளியே பிடித்திருந்தேன். இடது, வலது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். என் தலையில் விழுந்த தண்ணீர் கண்ணில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. காலில் அட்டை ஏறியது தெரிந்தது, அதையும் விட்டுவிட்டேன். சன்னாசியின் முகத்தை நான் கடைசியாகப் பார்க்கவில்லை. பாடையை யார் யார் தூக்கினார்கள், யார் விழுந்து அழுதார்கள், எதையும் பார்க்கவில்லை. அந்தச் சாவில் நான் பார்த்தது என் கைக்குள் இருந்த ஒரு சாண் இடைவெளியில் தெரிந்த பச்சை நீலக் கட்டம் மட்டும்தான். அங்கஸ் அடி எடுத்து வைக்க வைக்க அந்த மடிப்புகள் விரிந்து விரிந்து மூடின. நடக்கிறவனுக்குக் கொசுவம் பின்னால் இருப்பதும் ஒரு அழகுதான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் அப்படி ஒரு நினைப்பு வந்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

குழியை மூடும்வரை அங்கஸ் ஊதினான். ஈரத்தில் குழல் பிசிறடித்தது. நிறுத்தாமல் ஊதினான். கடைசியில் பையை இறக்கியபோது அவன் முகமும் கழுத்தும் மழையில் ஒழுகிக்கொண்டிருந்தன. கூட்டம் கேட்டுப் பூட்டுவதற்குள் போய்விட அவசரமாக இறங்க ஆரம்பித்தது. நான் பிடியை விடவில்லை. விடலாம் என்று யாரும் சொல்லவில்லை.

மாரியாயி எங்கள் பக்கம் வந்தாள். சேலை உடம்போடு ஒட்டி, கையெல்லாம் மண்ணாக இருந்தது.

"அந்தப் புள்ளையோட துணி நனஞ்சிருச்சா?"

"இல்ல பெரியம்மா."

அவள் அங்கிக்குள் கையைக் கொண்டுபோனாள். துணியைத் தொடுவதற்கு முன்னால் கையை நிறுத்தி, சேலையில் துடைக்கப் பார்த்தாள். சேலையில் காய்ந்த இடம் எதுவும் இல்லை. கையை இழுத்துக்கொண்டாள்.

"எங்கையி ஈரமா இருக்கு. நீயே நல்லாத் தொட்டுப் பாத்துச் சொல்லு."

உள்ளே இருந்த என் கையால் இடுப்பிலிருந்து ஓரம் வரைக்கும் மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தேன்.

"காஞ்சுதான் இருக்கு."

"அப்பச் சரி" என்றாள். "அவனக் கூட்டிட்டுப் போ. பாதை வழுக்கும், பாத்து எறங்கச் சொல்லு."